புள்ளி, கோடு, தளம்: வடிவியலின் முதல் மூன்று சொற்கள்

மியான்மரின் யாங்கோன் நகரின் வடக்கே பேருந்தில் செல்பவர்களுக்கு "எட்டு மைல்", "ஒன்பது மைல்" என்னும் இடப்பெயர்கள் நன்கு பழக்கமானவை. எந்த இடத்திலிருந்து எட்டு மைல் என்று எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் கேட்டபோது, பெரும்பாலான பிள்ளைகளுக்கு விடை தெரியவில்லை. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், நகரின் நடுவிலுள்ள சூலே பகோடா என்னும் பௌத்தக் கோயிலைத் தொடக்கமாகக் கொண்டே வடக்கு நோக்கிச் செல்லும் சாலையின் தூரத்தை அளந்தார்கள். அந்தக் கணக்கு இன்றும் ஊர்ப்பெயராக நிலைத்திருக்கிறது. இதைச் சொன்னவுடன் ஒரு சிறுவன் எழுந்து, "சயாமா (பர்மிய மொழியில் ஆசிரியை), பகோடா பெரிய கட்டடம் ஆயிற்றே, அதில் எந்த ஓரத்திலிருந்து அளந்தார்கள்?" என்று கேட்டான். வடிவியலைக் கற்பிக்கத் தொடங்குவதற்கு இதைவிட நல்ல கேள்வியை என்னால் அமைத்திருக்க முடியாது.

பகோடாவுக்கு அகலம் உண்டு, உயரம் உண்டு, அதைச் சுற்றி ஒரு வட்டச் சாலையும் உண்டு. ஆனால் தூரத்தை அளப்பவருக்கு இவற்றில் எதுவும் தேவையில்லை. அவருக்கு வேண்டியது "இங்கே" என்று சொல்லத்தக்க ஓர் இடம் மட்டுமே. அந்த "இங்கே" என்பதிலிருந்து அகலத்தையும் உயரத்தையும் கனத்தையும் நீக்கிவிட்டால் எஞ்சி நிற்பதைத்தான் வடிவியலில் புள்ளி என்கிறோம். புள்ளிக்கு இருப்பிடம் உண்டு, அளவு கிடையாது.

இதைக் கேட்டதும் மாணவர்கள் கரும்பலகையில் நான் சுண்ணக்கட்டியால் வைத்த பொட்டைக் காட்டி, அதற்கு அளவு இருக்கிறதே என்பார்கள். உண்மைதான். சுண்ணக்கட்டிப் பொட்டு பெரியது. பென்சில் முனையால் வைத்த பொட்டு சிறியது. பென்சிலை எவ்வளவு கூராகச் சீவினாலும் உருப்பெருக்கிக் கண்ணாடியின் வழியாகப் பார்த்தால் அதுவும் ஒரு கருந்திட்டாகவே தெரியும். நாம் வரைவது புள்ளியன்று, புள்ளியின் அடையாளம். இந்த வேறுபாட்டை முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது என்பது என் அனுபவம், ஏனென்றால் பின்னால் வரும் குழப்பங்களில் பாதிக்கு மேல் அடையாளத்தைப் பொருளாக எடுத்துக்கொள்வதால் வருபவை.

கோலம் போடும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது எளிதில் விளங்கும். ஏழு புள்ளியில் தொடங்கி நான்கு வரை ஊடுபுள்ளி வைப்பதாகக் கொள்வோம்: நடுவரிசையில் 7, அதற்கு மேலும் கீழும் 6, 5, 4 என ஆக மொத்தம் 37 புள்ளிகள். பாட்டி வைக்கும் புள்ளி மிளகளவு இருக்கலாம், பேத்தி வைப்பது கடுகளவு இருக்கலாம். ஆனால் புள்ளிகளுக்கு இடையேயான தூரம் சரியாக அமைந்திருந்தால் இருவர் கோலமும் ஒரே கோலமாகத்தான் வரும். தூரம் பிசகினால் எவ்வளவு அழகான புள்ளி வைத்திருந்தாலும் கோலம் கோணிப்போகும். கோலத்துக்கு வேண்டியது புள்ளியின் இருப்பிடமே அன்றி அதன் பருமன் அன்று என்பதை, வடிவியல் என்னும் சொல்லையே கேட்டிராத பெண்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருக்கிறார்கள்.

சுமார் 2300 ஆண்டுகளுக்கு முன் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட், பதின்மூன்று பாகங்கள் கொண்ட தமது நூலை "பகுதி எதுவும் இல்லாதது புள்ளி" என்னும் வரையறையோடு தொடங்கினார். அடுத்து, "அகலமற்ற நீளம் கோடு" என்றார். அழகான வாக்கியங்கள்தாம், எனினும் அவற்றை வைத்துக்கொண்டு புள்ளியை இதற்குமுன் அறியாத ஒருவருக்கு அதைப் புரியவைக்க முடியுமா என்பது ஐயமே. "பகுதி" என்றால் என்ன, "நீளம்" என்றால் என்ன என்று கேட்டால் அவற்றை விளக்க வேறு சொற்கள் வேண்டும். அந்தச் சொற்களை விளக்க இன்னும் வேறு சொற்கள் வேண்டும். அகராதியில் ஒரு சொல்லுக்குப் பொருள் தேடி, அந்தப் பொருளுக்குப் பொருள் தேடி, கடைசியில் தொடங்கிய சொல்லுக்கே வந்து நிற்பதுபோல இது முடியும். ஆகவே எங்கேயாவது ஓரிடத்தில் நிறுத்தி, இன்னின்ன சொற்களை வரையறுக்க மாட்டோம் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1899 ஆம் ஆண்டில் ஜெர்மானியக் கணித மேதை ஹில்பர்ட் வடிவியலின் அடிப்படைகளைப் புதிதாக ஒழுங்குபடுத்தியபோது இதைத்தான் செய்தார். புள்ளி, கோடு, தளம் ஆகிய மூன்றையும் அவர் வரையறுக்கவில்லை; அவை ஒன்றோடொன்று எப்படி உறவு கொள்கின்றன என்பதற்கான விதிகளை மட்டும் வகுத்தார். பாடநூல்களில் இம்மூன்றும் வரையறுக்கப்படாத சொற்கள் என்று குறிப்பிடப்படுவதன் காரணம் இதுவே. அது ஆசிரியரின் சோம்பலோ நூலின் குறையோ அன்று.

இனிக் கோட்டுக்கு வருவோம். கொத்தனார் சுவர் எழுப்பும்போது இரண்டு முனைகளிலும் ஆணி அடித்து, இடையே நூலை இழுத்துக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். தொய்வில்லாமல் இழுத்த அந்த நூல்தான் நேர்கோட்டுக்கு நம்மிடம் உள்ள மிகப் பழைய உருவம். "நூல் பிடித்தாற்போல்" என்று நாம் சொல்வதும் அதை வைத்தே. ஒரே ஒரு ஆணியை அடித்துவிட்டு நூலைக் கையில் பிடித்திருந்தால் அதை எந்தத் திசையில் வேண்டுமானாலும் இழுக்கலாம். இரண்டாவது ஆணியை அடித்துவிட்டால் நூலுக்கு ஒரே வழிதான் உண்டு. இதையே வடிவியல் தன் விதியாக எடுத்துக்கொள்கிறது: ஒரு புள்ளியின் வழியாக எண்ணற்ற கோடுகள் செல்லும், வெவ்வேறான இரண்டு புள்ளிகளின் வழியாக ஒரே ஒரு நேர்கோடுதான் செல்லும்.

ஆனால் நூலுக்கும் வடிவியல் சொல்லும் கோட்டுக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. நூல் ஆணியோடு முடிந்துவிடுகிறது. கோடு முடிவதில்லை, இருபுறமும் எல்லையின்றி நீண்டுகொண்டே செல்கிறது. அன்றாடப் பேச்சில் நாம் "கோடு" என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் இரண்டு முனைகளுக்கு இடையே அடங்கியது. அதற்குக் கணிதத்தில் கோட்டுத்துண்டு என்று பெயர். க, ச என்னும் இரண்டு முனைப்புள்ளிகளும் அவற்றுக்கு இடையே உள்ள எல்லாப் புள்ளிகளும் சேர்ந்தது கச என்னும் கோட்டுத்துண்டு. அதன் நீளத்தை அளவுகோலால் அளக்கலாம். கோட்டின் நீளத்தை அளக்க இயலாது. "5 செ.மீ. நீளமுள்ள ஒரு கோடு வரைக" என்று தேர்வுத்தாளில் சில வேளைகளில் காணும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பிள்ளைகள் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்ட வேறுபாட்டை அந்த ஒரு வரி அழித்துவிடுகிறது.

ஒரு முனையில் தொடங்கி மறுபுறம் முடிவின்றிச் செல்வது கதிர். பேட்டரி விளக்கின் ஒளி, விளக்கிலிருந்து கிளம்பி இருட்டுக்குள் போய்க்கொண்டே இருப்பதைப் போன்றது. படத்தில் கோட்டுக்கு இருபுறமும் அம்புக்குறி இடுவோம். கதிருக்கு ஒருபுறம் மட்டும். கோட்டுத்துண்டுக்கு அம்புக்குறியே இல்லை. கதிரைப் பெயரிடும்போது தொடக்கப்புள்ளியை முதலில் சொல்ல வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்: கச என்னும் கோட்டுத்துண்டும் சக என்னும் கோட்டுத்துண்டும் ஒன்றே, கச என்னும் கதிரும் சக என்னும் கதிரும் வெவ்வேறு.

இங்கே ஒரு பழைய மயக்கத்தைத் தீர்த்துவிட வேண்டும். "புள்ளிகளை நெருக்கி நெருக்கி அடுக்கினால் கோடு ஆகும்" என்று பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். கோடு புள்ளிகளால் ஆனது என்பது சரி. ஆனால் பாசிமணிகளைக் கோப்பதுபோல ஒன்றையடுத்து ஒன்றாகப் புள்ளிகளை அடுக்கிக் கோட்டை உருவாக்க முடியாது. ஒரு காகிதத்தில் கச என்னும் கோட்டுத்துண்டை வரைந்து, க என்னும் முனை ச என்னும் முனையின் மேல் பொருந்துமாறு மடியுங்கள். மடிப்பு விழும் இடம் நடுப்புள்ளி. இப்போது க முனைக்கும் அந்த நடுப்புள்ளிக்கும் இடையே மறுபடி மடியுங்கள்; இன்னொரு நடுப்புள்ளி கிடைக்கும். ஏழெட்டு மடிப்புக்குமேல் காகிதம் இடம் கொடுக்காது, ஆனால் மனத்தால் மடிப்பதற்குத் தடையே இல்லை. எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும் அவற்றுக்கு இடையே இன்னொரு புள்ளி இருக்கும் என்றால், க என்னும் புள்ளிக்கு "அடுத்த புள்ளி" என்று ஒன்றைச் சுட்டிக்காட்டவே முடியாது என்பது பெறப்படும். பத்து வயதுப் பிள்ளைகள் இதைக் கேட்டுச் சற்று நேரம் வாயடைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதே எனக்கு நிறைவு.

மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளிகள் ஒரே கோட்டின்மேல் அமைந்தால் அவற்றை ஒருகோடமைந்த புள்ளிகள் என்கிறோம். கோலத்தில் ஒரே வரிசையில் வைத்த ஏழு புள்ளிகளும் அத்தகையவை. எந்த மூன்றும் ஒரே கோட்டில் அமையாதவாறு புள்ளிகளை வைத்து, இரண்டிரண்டாக எல்லாவற்றையும் இணைத்தால் எத்தனை கோடுகள் கிடைக்கும்? 2 புள்ளிகளுக்கு 1, 3 புள்ளிகளுக்கு 3, 4 புள்ளிகளுக்கு 6, 5 புள்ளிகளுக்கு 10. வரைந்து எண்ணிக்கொண்டே போகலாம், ஆனால் இருபது புள்ளிகள் வந்தால் கண் மயங்கிவிடும். யோசித்துப் பார்த்தால் வரையவே தேவையில்லை. 5 புள்ளிகளில் ஒவ்வொன்றும் மற்ற 4 புள்ளிகளோடு இணைகிறது; 5 × 4 = 20. ஆனால் க-விலிருந்து ச-வுக்குச் செல்லும் கோட்டையும் ச-விலிருந்து க-வுக்குச் செல்லும் கோட்டையும் நாம் இரண்டு முறை எண்ணியிருக்கிறோம், அவை ஒன்றே. ஆதலால் பாதியாக்கினால் 10. இதே முறையில் 20 புள்ளிகளுக்கு 20 × 19 = 380, அதில் பாதி 190 கோடுகள். இந்தக் கணக்குக்கு அடிப்படையாக நின்றது "இரண்டு புள்ளிகளின் வழியாக ஒரே ஒரு கோடு" என்னும் அந்த ஒற்றை விதிதான்.

தளத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லாத் திசைகளிலும் எல்லையின்றி விரிந்த, கனமே இல்லாத, மேடுபள்ளம் அற்ற பரப்பு தளம். கரும்பலகையும் மேசையின் மேற்பரப்பும் அதன் சிறு பகுதிகளை நமக்குக் காட்டுகின்றன. ஆனால் ஒன்றை மட்டும் கையால் தொட்டு உணர வேண்டும். யாங்கோன் நடைபாதைத் தேநீர்க் கடைகளில் போட்டிருக்கும் குட்டையான நான்கு கால் இருக்கைகள், கற்கள் பெயர்ந்த தரையில் ஆடிக்கொண்டே இருக்கும். அட்டையை மடித்து ஒரு காலுக்கு அடியில் செருகிவிட்டுத்தான் உட்கார வேண்டும். முக்காலிக்கு அந்தத் தொல்லை இல்லை. தரை எவ்வளவு மேடுபள்ளமாக இருந்தாலும் அதன் மூன்று கால்களும் தரையைத் தொட்டே நிற்கும். சற்றுச் சாய்ந்து நிற்கலாம், ஆடாது. ஏனென்றால் ஒரே கோட்டில் அமையாத மூன்று புள்ளிகளின் வழியாக ஒரு தளம் எப்போதும் உண்டு. அதுவும் ஒன்றே ஒன்றுதான் உண்டு. நான்காவது புள்ளி அதே தளத்தில் விழலாம், விழாமலும் போகலாம். நம் பாட்டிமார் மூன்று கற்களை வைத்து அடுப்பு மூட்டியதும் பானை ஆடாமல் நிற்கத்தான்.

ஒரே தளத்தில் இரண்டு கோடுகளை வரைந்தால் அவை ஒரு புள்ளியில் வெட்டிக்கொள்ளும், அல்லது எவ்வளவு நீட்டினாலும் வெட்டிக்கொள்ளாமல் செல்லும். முன்னவை வெட்டும் கோடுகள், பின்னவை இணைகோடுகள். இதற்கு யாங்கோன் நகரின் நடுப்பகுதியே ஒரு பெரிய கரும்பலகையாக இருக்கிறது. 1852 ஆம் ஆண்டுப் போருக்குப் பிறகு ஆங்கிலேயர் இந்த நகரைக் கட்டங்கட்டமாக வகுத்து அமைத்தார்கள். ஆற்றங்கரையிலிருந்து எண்ணினால் ஸ்ட்ராண்ட் சாலை, மெர்ச்சன்ட் சாலை, மகாபந்துலா சாலை, அனோரதா சாலை, போஜோ ஆங் சான் சாலை என்று வரிசையாகக் கிழக்குமேற்காகச் செல்பவை ஏறக்குறைய இணைகோடுகள். இருபத்தாறாம் தெரு, இருபத்தேழாம் தெரு என்று எண்ணால் வழங்கும் தெருக்கள் அவற்றைக் குறுக்கே வெட்டித் தெற்குவடக்காகச் செல்கின்றன. அனோரதா சாலையில் உள்ள ஸ்ரீ காளி கோயிலுக்கு வரும் பிள்ளைகள், கோபுரத்தடியில் நின்று நான்கு பக்கமும் பார்த்தாலே இணைகோடுகளையும் செங்குத்துக் கோடுகளையும் ஒருசேரக் காணலாம்.

தண்டவாளத்தை இணைகோடுகளுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். அது நல்ல எடுத்துக்காட்டுதான், ஒரு திருத்தத்தோடு. மியான்மர் இருப்புப்பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 1 மீட்டர் இடைவெளி எங்கும் மாறாமல் இருக்கும். தொலைவில் அவை ஒன்றுசேர்வதுபோல் தோன்றுவது கண்ணின் மயக்கம். ஆனால் யாங்கோனைச் சுற்றிவரும் வட்டப் பாதை வளையும் இடங்களில் அந்தத் தண்டவாளங்கள் நேர்கோடுகளே அல்ல. இடைவெளி மாறாத வளைவுகள். ஆதலால் இணைகோடு என்றால், "நேர்கோடாகவும் இருக்க வேண்டும், ஒரே தளத்திலும் இருக்க வேண்டும், எங்கும் சந்திக்கவும் கூடாது" என்று மூன்றையும் சேர்த்தே சொல்லப் பழக வேண்டும். "ஒரே தளத்தில்" என்பது எதற்கு என்று கேட்டால், வகுப்பறையின் தரையில் கிழக்குமேற்காகச் செல்லும் ஒரு விளிம்பையும் கூரையில் தெற்குவடக்காகச் செல்லும் ஒரு விளிம்பையும் பாருங்கள்: எவ்வளவு நீட்டினாலும் அவை சந்திக்கமாட்டா, ஆயினும் அவற்றை இணைகோடுகள் என்று யாரும் சொல்லமாட்டோம்.

ஒரே புள்ளியிலிருந்து இரண்டு கதிர்கள் கிளம்பினால் அங்கே கோணம் பிறக்கிறது. அந்தப் புள்ளி கோணத்தின் உச்சி. கதிர்கள் அதன் கைகள். கோணம் என்பது ஒரு கை மற்றொரு கையிலிருந்து எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதன் அளவே அன்றி, கைகளின் நீளமோ அவற்றுக்கு இடையேயுள்ள இடமோ அன்று. மாணவர்கள் மிகுதியாகத் தவறுவது இந்த இடத்தில்தான். கைகளை நீளமாக வரைந்த கோணத்தைப் பெரியது என்று எழுதிவிடுவார்கள். ஒருநாள் வகுப்பு மூன்று மணிக்கு முடியும் வேளையில், மண்டபத்துச் சுவர்க்கடிகாரத்தையும் ஒரு மாணவியின் கையிலிருந்த சிறிய கடிகாரத்தையும் அருகருகே வைத்துக் காட்டினேன். ஒன்றின் முள் ஒரு சாண் நீளம். மற்றொன்றின் முள் விரல்நகத்தளவுகூட இல்லை. இரண்டிலும் முட்களுக்கு இடையே இருந்தது 90 பாகைதான். அதற்குப் பிறகு அந்தத் தவறு என் வகுப்பில் குறைந்துவிட்டது.

ஒரு முழுச் சுற்றை 360 பாகையாகப் பகுப்பது பழங்கால வழக்கம். 90 பாகை செங்கோணம். அதற்குக் குறைந்தது குறுங்கோணம். 90-க்கும் 180-க்கும் இடைப்பட்டது விரிகோணம். 180 பாகை நேர்க்கோணம், அதாவது இரண்டு கைகளும் எதிரெதிராக நீண்டு ஒரே கோடாகிவிடும் நிலை. அதற்கும் மேலே 360-க்குள் இருப்பது பின்வளை கோணம். கோணமானியில் இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் இரண்டு வரிசை எண்கள் இருப்பதால் 60-ஐ 120 என்று வாசித்துவிடுவது எளிது. அளப்பதற்கு முன்பே கோணத்தைக் கண்ணால் பார்த்து, செங்கோணத்தைவிடக் குறைவா கூடுதலா என்று முடிவு செய்துகொண்டால் அந்தப் பிழை நேராது.

இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும்போது நான்கு கோணங்கள் உண்டாகின்றன. அவற்றில் எதிரெதிராக உள்ள குத்தெதிர்க் கோணங்கள் சமம் என்பதை அளந்து பார்த்து நம்புவதைவிடக் காரணத்தோடு அறிவது மேல். ஒரு கோணம் 70 பாகை என்றால், அதற்கு அடுத்துள்ள கோணமும் அதுவும் சேர்ந்து ஒரு நேர்க்கோணம் ஆவதால் அடுத்தது 110. அந்த 110-க்கு மறுபுறம் அடுத்துள்ள கோணமும் அதோடு சேர்ந்து 180 ஆக வேண்டும். ஆகவே அதுவும் 70. எழுபதுக்குப் பதிலாக எந்த எண்ணை வைத்தாலும் இதே வாதம் நிற்கும். வெறும் மூன்று வரிகளில் முடியும் இதுதான் பிள்ளைகள் தாமே செய்யக்கூடிய முதல் நிறுவல் என்று நான் கருதுகிறேன்.

இவ்வளவையும் கற்றபின் மீண்டும் சூலே பகோடாவுக்கு வருவோம். அது அடிமுதல் மேலே கூம்பு வரை எட்டுப்பட்டையாகக் கட்டப்பட்டது. பர்மிய வழக்கில் புதன்கிழமையை முற்பகல், பிற்பகல் என இரண்டாகப் பிரித்து வாரத்துக்கு எட்டுக் கிழமைகளாக எண்ணி, எட்டுத் திசைகளுக்கும் ஒவ்வொன்றை வகுத்திருக்கிறார்கள். அதன் நினைவாக, மண்டபத் தரையில் ஒழுங்கான எண்கோணம் ஒன்றைச் சுண்ணக்கட்டியால் பெரிதாக வரைந்து, அதன் விளிம்பின்மேல் ஒரு சிறுமியை நடக்கச் சொன்னேன். ஒரு மூலைக்கு வந்ததும் அவள் நின்று, அடுத்த பக்கத்தை நோக்கித் திரும்ப வேண்டும். எட்டு மூலைகளிலும் அப்படித் திரும்பிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து, முதலில் பார்த்த திசையையே பார்த்து நின்றாள். அப்படியானால் அவள் மொத்தம் ஒரு முழுச் சுற்று, 360 பாகை திரும்பியிருக்கிறாள். மூலைக்கு 45 பாகை. ஒரு மூலையில் அவள் திரும்பிய கோணமும் அங்கே உள்ள எண்கோணத்தின் உட்கோணமும் சேர்ந்து நேர்க்கோணம் ஆவதால், உட்கோணம் 180-இல் 45 போக 135 பாகை, ஒரு விரிகோணம். கோணமானியை வைத்து அளந்தோம். சுண்ணக்கட்டிக் கோட்டின் தடிப்பில் ஒரு பாகை முன்பின்னாக அதுவே வந்தது. பிறகு அவளே சுண்ணக்கட்டியை வாங்கி, பக்கத்தில் மூன்று பக்கமும் சமமான ஒரு முக்கோணத்தை வரைந்து, அதன் ஓரத்தில் நடக்கத் தொடங்கினாள்.